நிற்காமல் போன தேர்

இன்று காலை மின்சாரக்காரர்கள் வந்து, என் வீட்டு முன்னால் கம்பியின்மேல் சாய்ந்திருந்த கொன்றைக் கிளையை வெட்டினார்கள். பச்சை மரத்தின் வாடை இன்னும் கூடத்தில் நிற்கிறது. நேற்றுத்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அவர்களின் மேற்பார்வையாளர், "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்கம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதே காரியத்தை நீயும் செய்தாய். உனக்குக் கிடைத்தது வேறு.

எழுபதுகளின் பிற்பகுதி. நம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நீ நர்ஸ், எல்லாருக்கும் 'மிஸ்ஸி'; பள்ளியில் நான் பட்டம் பெற்ற ஒரே டீச்சர். இருவருக்கும் பேச வேறு ஆள் இல்லை. மழையில் மண் இளகி, கோயில் பாதையோரத்து மின்கம்பம் சரிவுப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. கம்பி தொய்ந்து, தேரின் கலசத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதற்காகத் தேரைச் சிறிதாக்குவார்களா? மாடசாமிக் கங்காணி, முனை பிளந்த மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பார். தேர் அடியில் நுழைந்து போகும். அதற்காகக் கோயிலில் முதல் பரிவட்டம் அவர் தலைக்கு. சில திருவிழாக்களில் அது வழக்கமாயிற்று, வழக்கம் உரிமையாயிற்று.

ஓர் ஆண்டு திருவிழா பனிமூட்டத்தில் நடந்தது. மூங்கில் நனைந்திருந்தது. தேர் கடந்ததும் கம்பியை இறக்கிய கங்காணியின் உடம்பு உதறியது; கண்கள் செருகின; கழியோடு சுழன்று விழுந்தார். "ஆத்தா வந்துட்டாடி!" என்று பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி, விழுந்து கிடந்தவரிடம் தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறி கேட்டாள்.

மறுநாள் அவருடைய உள்ளங்கைத் தீக்காயத்துக்கு மருந்து போட்டபடி, "கங்காணி, இது ஆத்தா இல்ல, கரண்டு. அடுத்த வாட்டி பொணமாத்தான் வருவீங்க" என்றாய்.

"வாயக் கழுவு மிஸ்ஸி" என்றார்.

தோட்டத்து ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியிடம் போனாய். "துரை லீவுல இருக்காரு லா. வரட்டும், சொல்றேன்" என்றார். தோட்ட மேலாளரான துரை வந்தார், கிராணி சொல்லவில்லை. அடுத்த திருவிழா நெருங்கியது. தோட்டத்து விஷயத்தைத் துரைக்குத் தெரியாமல் வெளியே சொல்வது அங்கே துரோகம். நீ பஸ் ஏறி, தானா ராத்தா டவுன் மின்சார அலுவலகத்தில் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தாய். ஆட்கள் லோரியில் வந்தார்கள். மின்சாரத்தை நிறுத்தி, சாய்ந்த கம்பத்தைப் பிடுங்கி, உயரமான புதுக் கம்பம் நட்டு, கம்பியை இழுத்துக் கட்டினார்கள்.

"இனிமே யாரும் சாவ மாட்டாங்க டீச்சர்" என்றாய். கெட்டிக்காரிதான் நீ. ஆனாலும் நன்றியை எதிர்பார்த்தாய்.

அந்தத் திருவிழாவில் தேர் கம்பிக்குக் கீழே நிமிர்ந்து போனது. கழி இல்லை, அருள் இல்லை, கங்காணிக்குப் பரிவட்டமும் இல்லை. வீட்டுக்கு வீடு நின்று தட்டு வாங்கி வந்தது தேர். நீ பட்டுப் புடவையில், தேங்காய் பழத்தோடு, சூடம் ஏற்றி வாசலில் நின்றாய். நான் உன் பக்கத்தில் நின்றேன். கங்காணி வடத்துக்கு முன்னால் வந்து, நீ மருந்து போட்ட கையை உயர்த்தினார்.

"இழுங்கடா! ஆத்தாளக் கரண்டுன்னு சொன்னவ வீடு. இங்க நிக்காது."

இழுத்தார்கள். நீ ஊசி போட்டவர்கள், தையல் போட்டவர்கள், நீ பிரசவம் பார்த்த பெண்களின் புருஷன்மார். ஒருவன்கூட வடத்தை விடவில்லை. சூடம் உன் தட்டிலேயே எரிந்து தீர்ந்தது.

"பாத்தியா டீச்சர், எந்தக் கம்பியும் தடுக்கல. என்னா வேகமா போவுது!" என்று சிரித்தாய். உனக்குச் சிரிக்க வராது. அன்றும் வரவில்லை.

எண்பதுகளில் நான் மாற்றலாகி மலையிறங்கினேன். நீ அங்கேயே இருந்து, ஆண்டுதோறும் தட்டோடு நின்றாய். ஆண்டுதோறும் தேர் உன்னைக் கடந்து போனது. "ஏன் நிக்கிற? கதவச் சாத்து" என்று ஒருமுறை உன்னிடம் கத்தினேன். "ஆத்தா என்ன பண்ணுவா? இழுக்கறவன்தானே போறான்" என்றாய்.

கங்காணி முதுமையில் படுக்கையில் செத்தார். அந்தப் படுக்கையை அவருக்குக் கொடுத்தவள் நீ என்று அவர் வீட்டில் யாரும் சொல்லவில்லை. உன் சாவுக்கு வந்தவர்கள் உன் கைராசியைப் புகழ்ந்தார்கள். தேரைப் பற்றி நான்தான் பேசினேன். என்னை வெளியே அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தார்கள்.

நீ அவர்களை மன்னித்துவிட்டாய். அது உன் விஷயம். நான் மன்னிக்கவில்லை. இந்த ஊரிலும் தேர் வருகிறது. என் வாசலில் நின்று மணி அடிக்கிறார்கள். உன் வாசலில் நிற்காதது என் வாசலிலும் நிற்க வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் இழுத்துப் போகும்வரை உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.