பஸ் சத்தம் மட்டும் போதும்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நானும் அப்பாவும் மாமாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று இதுவரை கடிதம் போட்டுக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, உன் கார்டே சொல்லிவிடும். நீ படிக்கப் போன அந்த வெளிநாட்டில் கார்டைத் தேய்த்தால் இங்கே மருந்துக் கடையில் என் போன் டிங் என்னும், மாத்திரை அட்டையை நறுக்கிக்கொண்டே நான் எட்டிப் பார்த்துக்கொள்வேன். இங்கே மத்தியானம் ஒரு டிங் வந்தால் அங்கே காலை பஸ் ஏறிவிட்டாய், சாயங்காலம் ஒரு டிங் வந்தால் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டாய். பிரஷர் மாத்திரை வாங்க வருகிறாரே, அந்தப் பெரியவருக்குக்கூட இது பழகிவிட்டது. இந்த மாதம் ஒன்றாம் தேதியே நீ மொத்தப் பணத்தையும் ரொக்கமாக எடுத்துவிட்டு கார்டை மூடி வைத்தாயே, அப்புறம் ஒரு நாள் வந்து டிங் சத்தத்துக்குக் காத்து நின்றுவிட்டு, என்னம்மா, இன்னைக்கு பொண்ணு சாப்பிடலையா என்று கேட்டார். எனக்கே தெரியாததை அவருக்கு என்னவென்று சொல்வது, சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது எல்லோரும் தூங்கியாயிற்று, நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லியே என்னை முடித்துவிடுவாய். விஷயம் இதுதான், மாமா நேற்று சாப்பிட வந்தான். உன் மாமாவின் வாயில் சோறு தங்கும், ரகசியம் தங்காது என்பது உனக்குத் தெரியாதா? இரண்டாவது தடவை குழம்பு ஊற்றும்போதே நீ அவனிடம் கடன் வாங்கியது வெளியே வந்துவிட்டது. பாதி மாதத்தில் பணம் தீர்ந்துவிட்டது என்றதும் எனக்கு முதலில் கோபம்தான். பதினாறு வயதில் ஊர் சுற்றுகிறாளா, யாராவது ஏமாற்றிவிட்டார்களா, உதட்டுச் சாயமா என்று வரிசையாக யோசித்தேன். மழைக்குத் தாங்குகிற பூட்ஸ் வாங்கினாள் என்றான். பழைய ஷூவில் ஓட்டையாம், இரண்டு வாரமாக ஈரக்காலோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறாயாம். ஏன் அவளோட அம்மாகிட்ட கேக்கலையாம் என்றேன். அவன் நீ சொன்னதை அப்படியே சொன்னான்: "அம்மாகிட்ட கேட்டா எந்தக் கடை, என்ன கலர், பக்கத்துக் கடையில விசாரிச்சியான்னு நாலு நாள் ஓடும் மாமா. அதுக்குள்ள ஷூ என் காலை விட்டே போயிடும்."

அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை குட்டி. ராத்திரி பூராவும் உன் ஈர சாக்ஸ்தான் கண்ணில் நின்றது. நீ ஒரு காபி வாங்கினால் எதற்கு இரண்டு காபி என்று கேட்டது நான்தான், ஒன்று தோழிக்கு என்று நீ சொன்ன பிறகும் அவள் எப்போது திருப்பி வாங்கித் தருவாள் என்று கேட்டதும் நான்தான். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஐஸ்கிரீம் கடையில் என்ன வேலை என்று தெருவையே எழுப்பாத குறையாக உன்னைத் திட்டினேனே, அங்கே அப்போது ஒன்பதுதான் என்று நீ சொன்னதை அப்பா இன்னும் விடவில்லை. கணக்குல பட்டம் வாங்கினவளுக்கு நாலரை மணி நேரத்தைக் கழிக்கத் தெரியலையாம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன், மனம் மாறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நீ திரும்பி வரும்வரைக்கான செலவுப் பணம் முழுவதையும் உன் பேரில் தனியாக ஒரு புதுக் கார்டில் போட்டுவிடப் போகிறோம். அந்தக் கார்டின் செய்தி எதுவும் என் போனுக்கு வராது. அப்பாவுக்கும் வராது, வந்தாலும் அவர் பார்க்கப் போவதில்லை. முதல் மாதமே தீர்த்துவிட்டால் என்ன செய்வாள் என்று இப்போதே விரலை மடக்கிக் கணக்குப் போடத்தான் செய்கிறேன், தீர்த்தாயானால் நீயே எனக்குச் சொல், கடையும் கலரும் கேட்கமாட்டேன். கொஞ்சம் பணத்தை மட்டும் உடம்பு முடியாமல் போனால் என்று ஒதுக்கி வைத்துக்கொள். தோழிகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் திரும்ப வராவிட்டாலும் முகம் சுளிக்காத அளவுக்குக் கொடு. மாமாவின் கடனை உன் பணத்திலிருந்துதான் அடைக்க வேண்டும், அப்பாவைக் காக்காய் பிடிக்காதே. வட்டியும் உண்டு என்று மாமா சொல்லச் சொன்னான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அடுத்த தடவை குழம்பில் காரத்தைக் கூட்டினால் வட்டி தள்ளுபடியாகிவிடும்.

எனக்கு ஒன்றே ஒன்று செய். பழைய கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, காலை பஸ்ஸுக்கு மட்டும் அதையே தேய். அதில் பஸ் காசு தவிர வேறெதுவும் போடமாட்டேன். நான் எதையும் கேட்கமாட்டேன், அந்த ஒரு சத்தம் போதும். டிங் என்றால் எழுந்துவிட்டாய், குளித்துவிட்டாய் (இது என் நம்பிக்கை), கிளம்பிவிட்டாய். பெரியவர் கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொல்வேன்.

நல்லா இரு, நல்லா படி, நேரத்துக்குச் சாப்பிடு. பூட்ஸ் என்ன கலர் என்று நான் கேட்கவே இல்லை, கவனித்தாயா?

இப்படிக்கு,
கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா

பி.கு.: என்னைப் பயமுறுத்த வேண்டும் என்றே ஒரே நாளில் இரண்டு டிக்கெட் எடுத்து இரண்டு டிங் வரவைக்காதே. நீ செய்வாய்.