குஞ்சுகள் வெளியேறும்வரை

செவன் கிங்ஸ், லண்டன்
ஒக்டோபர் 19

அன்பு மகள் சயந்தினிக்கு,

நான் சுகம். சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். நீ முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போனில் சொல்லாமல் எழுதியது நல்லது. போன் என்றால் நான் ஏதாவது கடுமையாகச் சொல்லியிருப்பேன்.

அப்பாவின் மீதி அஸ்தியை நீ வேலை செய்யும் ஆற்றில் கரைக்க அந்த மண்ணின் ஆதிக்குடி மக்கள் இப்போது சம்மதிக்கவில்லை என்று வாசித்ததும் எரிச்சல்தான் வந்தது. நான் இரசாயனம் படித்தவள். நீ கொண்டுபோன ஒரு சிமிழ் சாம்பல் அத்தனை பெரிய ஆற்றை என்ன செய்துவிடும்? சால்மன் முட்டையிடும் காலத்தில் அந்தத் தண்ணீரில் யாரும் கால்கூட வைப்பதில்லை, மீன்களை எண்ணும் நீங்களும் கரையில் நின்றுதான் எண்ணுகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். எங்கும் ஒரு விதிவிலக்கு இருக்கும் என்றே நினைத்தேன்.

ரஞ்சனா மாமிக்குச் சொன்னேன். "மச்சாள், உது என்ன கதை? சவுத்எண்ட் கடலிலை பாதியைக் கரைக்கேக்கை எந்த மீன் வந்து கேட்டது? ஒருத்தரும் இல்லாத இடமாப் பாத்துக் கரைச்சுப்போட்டு வரச் சொல்லுங்கோ. அண்ணையை எத்தினை நாளைக்கு அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறது?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யோசித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த எண்ணம் வந்தது. கரைத்துவிட்டால் நீ டிசம்பர் திவசத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவாய்.

இரவு உன் கடிதத்தை மறுபடி வாசித்தபோதுதான் ஜெராட் பற்றி நீ எழுதியிருந்தது மனதில் தைத்தது. அந்த ஆற்றைக் காவல் காப்பவர், அந்த மண்ணின் ஆள். இந்த வருடம் மீன் குறைவு என்று அவர்கள் தங்கள் வலைகளையே போடவில்லை. அவருடைய தாயாரின் நினைவு விருந்துக்குச் சால்மன் இல்லாமல், கடையில் வாங்கிய கோழியை வைத்தார்களாம். அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தங்கள் தாய்க்கே விட்டுக்கொடுத்தவர்களிடம் போய் நாங்கள் விலக்குக் கேட்க ஏலாது.

ஆகவே ஒளித்துக் கரைக்காதே. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நீ அனுப்பிய வீடியோவில் மீன்கள் பாய்வதைப் பார்த்துத்தானே, "என்னையும் உங்கை கொண்டுபோய் விடுங்கோ" என்று அப்பா கேட்டார். அந்த மீன்களுக்கு இடைஞ்சலாக அவர் அங்கே போகமாட்டார். கூட்டத்துக்குப் பிந்தி வந்தால் வாசலிலேயே நிற்கிற மனிதர் அவர்.

முட்டை பொரிந்து, கற்களுக்கடியிலிருந்து குஞ்சுகள் வெளியேறிப் போக வசந்தம் முடியும் என்கிறாய். அதுவரை வேலையை நீட்டித் தருகிறார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாய். நான் முதலில் பார்த்தது அந்த வரியைத்தான். ஓம் என்று சொல். திவசத்தை மாமியும் நானும் பார்த்துக்கொள்கிறோம். வசந்தத்தில் நான் அங்கே வருகிறேன். ஜெராட்டிடம் இப்போதே சொல்லிவை, கேட்டுக்கொண்டுதான் வருவோம் என்று.

சிமிழுக்குப் பக்கத்தில் விளக்கு வைக்கச் சொல்லி மாமி எழுதச் சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஜன்னலோரம் மட்டும் வைக்காதே, பிள்ளை. குளிரும்.

நல்லாயிரு.

அம்மா