அடுத்த பிராசஸருக்காக வாங்கிய போர்டு

இன்று காலை பீரோவின் மேல்தட்டில் குடையைத் தேடியபோது உன் கம்ப்யூட்டருக்கு வாங்கிய மதர்போர்டு பெட்டி கையில் தட்டுப்பட்டது. திறந்தேன். புதுப் பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை. கடையில் இதை முகர்ந்துவிட்டு, "புதுக் கார் வாசனையெல்லாம் இதுகிட்ட நிக்காதுடா" என்றாய். காரே வைத்திராதவன் சொன்ன பேச்சு.

உனக்கு ஊர் சுற்ற ஆசை. சிறுநீரகம் விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் புத்தூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மணப்பாறையில் நடந்த என் தங்கை கல்யாணத்துக்குக்கூட நீ வரவில்லை. முறுக்குதான் உன்னைத் தேடி வந்தது. உப்பு ஆகாதென்று அதையும் உன் மனைவி ஒளித்து வைத்துவிட்டாள். அதனால் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்ரீரங்கம் வந்து உன் பக்கத்தில் துணை விமானியாக உட்காருவேன். எங்கெங்கோ பறந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்புவோம். காவிரி தெரியும், ராஜகோபுரம் தெரியும், உடனே திரை உறைந்து நின்றுவிடும். கம்ப்யூட்டரின் மூளையான உன் பழைய பிராசஸருக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை. ஒரு தடவைகூட நாம் நம் ஊரில் இறங்கியதில்லை. "ஊர் கண்ணுக்குத் தெரியறது, எறங்க விடமாட்டேங்கறதே" என்று மானிட்டரைத் தட்டுவாய்.

புதுப் பிராசஸர் வாங்குவதில் நமக்குள் தகராறு இல்லை. அது உட்காரும் போர்டில்தான் சண்டை. போர்டு எவ்வளவு தாங்கும், என்னென்ன செய்யும் என்பதெல்லாம் அதிலுள்ள சிப்செட்டைப் பொறுத்தது. சின்ன சிப்செட் போதும் என்றேன் நான். ஆடிட்டர் ஆபீஸில் காலம் தள்ளுகிறவன். தேவைக்கு மேல் யார் எதை வாங்கினாலும் எனக்கு வயிறு எரியும். உனக்குப் பெரியதுதான் வேண்டும். டயாலிசிஸ் படுக்கையில் படுத்துக்கொண்டே வழக்காடினாய்.

"போர்டு ஒரு தடவைதான்டா வாங்கறது. அடுத்த பிராசஸர் வந்தா இதுலயே மாட்டிண்டுடலாம்."

"அடுத்தது வர்றப்ப அது உட்கார்ற சாக்கெட்டையே கம்பெனிக்காரன் மாத்திடுவான்டா. அப்புறம் எவ்வளவு பெரிய சிப்செட் இருந்தும் என்ன பிரயோஜனம்?"

"மாத்தமாட்டான்."

"மாத்துவான். பாரேன்."

நர்ஸ் ஓடி வந்தார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அவருக்கு பிரஷர் ஏறுது." போகிற போக்கிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்போதைக்கு இது போதும்டா" என்றேன். நீ கையில் குத்தியிருந்த குழாயையே பார்த்தாய். இப்போதைக்கு, இப்போதைக்கு என்றுதான் டாக்டர்களும் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்து வரப்போவதற்காக ஒரு பொருள் வாங்க ஆசைப்படுகிறவனிடம் அதற்கு மேல் என்ன வாதாடுவது? பெரிய சிப்செட்டே வாங்கினோம்.

நாம் கேட்ட பிராசஸர் அன்றைக்குக் கடையில் இல்லை; வந்ததும் சொல்கிறேன் என்றார் கடைக்காரர். சொல்லவும் சொன்னார், ஆனால் அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. "மார்கழில புதுசா எதையும் ஆரம்பிக்கப்படாதுடா. தை பொறக்கட்டும்" என்று நீ ஒரே பிடியாக நின்றாய். பெருமாளுக்குச் சிப்செட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய். தை பிறந்தது. நீ இல்லை. மார்கழியில் போனது புண்ணியம் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் உன் மனைவி இந்தப் பெட்டியை நீட்டினாள். "அண்ணா, இதை நீங்களே எடுத்துண்டு போங்கோ. என்னால பார்க்க முடியலை." வாங்கி வந்து மேல்தட்டில் வைத்தவன்தான், இன்றுவரை தொடவில்லை.

நீ சொன்ன அந்த அடுத்த பிராசஸர் வந்துவிட்டதாக ஆபீஸில் பையன்கள் பேசிக்கொண்டது காலையில் நினைவுக்கு வந்தது. அதை வாங்கி மாட்டி, ஒரே ஒரு தடவை திருச்சியில் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார்.

"இதுல அது உட்காராதுங்க. சாக்கெட் மாத்திட்டாங்க."

"பெரிய சிப்செட்டுங்க இது."

"எந்த சிப்செட்டா இருந்தாலும் உட்காராதுங்க. அப்ப நீங்க கேட்ட பிராசஸரும் இப்ப வர்றதில்லை. போர்டையே மாத்திடுங்க சார்."

"நல்லாப் பாருங்க. அடுத்ததுக்குன்னே வாங்கினது" என்றேன். உன் கட்சியை நான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாலத்தில் போகும்போது காவிரி தெரிந்தது, ராஜகோபுரம் தெரிந்தது. எதுவும் உறைந்து நிற்கவில்லை. ஊருக்குள் போய் இறங்கினேன். உங்கள் வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். உன் மனைவி உங்கள் பெண்ணோடு சென்னைக்குப் போய்விட்டாள். வாசலில் புதிதாகக் குடிவந்தவர்களுடைய செருப்புகள் கிடந்தன. அங்கே நின்றபோதுதான் எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்பது புரிந்தது. "அப்பவே சொன்னேன்ல, மாத்திடுவான்னு." இதை உன்னிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பெட்டி மறுபடியும் மேல்தட்டில் இருக்கிறது. நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது, அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது? நீ எழுந்து வந்து "மாத்தமாட்டான்" என்று இன்னொரு தடவை சொல்லேன். சரிடா, மாத்தமாட்டான் என்று தோற்றுவிட்டுப் போகிறேன்.