யுகேந்திரனின் கணினிக்கு ஒரு சாம்பல் நிற அறை

பெம்பான், மலாக்கா.
21 செப்டம்பர் 1997, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் யுகேந்திரனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. சென்ற மாதம் தொடங்கி ஊரை மூடியிருக்கும் காட்டுத்தீப் புகைமூட்டத்தால் வந்த இருமலைத் தவிர, நானும் உன் அம்மாவும் வேறு குறையின்றி இருக்கிறோம். மான்செஸ்டரில் நீ உடல் நலத்தோடும் மன நிறைவோடும் இருக்க மாரியம்மன் துணை நிற்பாளாக. 17 ஆகஸ்டு என்று தேதியிட்ட உன் கடிதம் 2 செப்டம்பர் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஆனால் உறையின் மேலுள்ள முத்திரையில் 19 ஆகஸ்டு என்று இருக்கிறது. எழுதி முடித்த கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்திருக்கிறாய். இனி அப்படிச் செய்யாதே. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே உன் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறாள்.

பத்திரிகை விளம்பரப் படங்களைத் திருத்திக் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து விலகி, வருகிற ஜனவரி முதல் அதே வேலையை வீட்டிலிருந்தபடி சொந்தமாகச் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். அதற்குப் புதிய கணினி வேண்டும், இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்று இருபத்தோரு அங்குலக் கண்ணாடித் திரையோடு மேசையில் நிற்கும் பெரியது, மற்றொன்று புத்தகம்போல் மடித்துக் கையில் எடுத்துச் செல்லும் சிறியது, இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த வரியைத்தான் இந்த வீட்டில் பலமுறை படித்துவிட்டோம். சிறியதை வாங்கினால் பெம்பானுக்கு வந்து சில மாதம் தங்கிக்கூட வேலை செய்யலாம் என்ற வரி. நான் அதை முதல்முறை படித்தபோது உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ படிங்க என்றாள். நீ கடைசியாக இங்கு வந்தது 12 டிசம்பர் 1993 அன்று நடந்த உன் தங்கை திலகவதியின் திருமணத்துக்கு. 2 ஜனவரி 1994 அன்று புறப்பட்டாய். அதற்குப் பிறகு வருவதைப் பற்றி நீ எழுதிய முதல் வரி இதுதான் என்பதை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

4 மே தேதியிட்ட கடிதத்தில் வேறொன்றும் எழுதியிருந்தாய். படங்களைத் திருத்துகிறவன் உட்காரும் அறையின் சுவர் எந்த நிறமும் கலவாத சாம்பலாக இருக்க வேண்டும், சுவரில் நிறமிருந்தால் அது கண்ணை ஏமாற்றிப் படத்தின் நிறத்தைத் தவறாகக் காட்டும் என்று. உன் அறைச் சுவரோ நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கிளிப்பச்சை. ஆகவே 3 செப்டம்பர் அன்றே ஜாசின் போய்ச் சாம்பல் நிறச் சாயம் ஒரு டின் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தால் அதில் நீலம் கலந்திருந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்து வேறு டின் வாங்கி வந்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார், நான் அதைப் பொருட்படுத்தவில்லை. 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை மெர்லிமாவிலிருந்து சாயம் அடிக்கும் நாகமுத்து வந்தார். வெளிய இருக்கிற ஜெரெபு பத்தலையாய்யா, செவத்துலயும் அடிக்கச் சொல்றீங்களே லா என்று புகைமூட்டத்தைக் காட்டிச் சிரித்தார். உன் அம்மா சிரிக்கவில்லை. தீபாவளி வர்ற நேரத்துல எவனாச்சும் வீட்டுக்குச் சாம்பக் கலரு அடிப்பானா என்று அன்று பகல் முழுவதும் முணுமுணுத்தாள். மாலையில் பார்த்தால் வெயில் உள்ளே விழாதபடி சன்னலுக்குத் தடித்த துணியை இரட்டையாக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது மதியத் தூக்கம் அவளுக்கு அந்த அறையில்தான். கேட்டால், பெயிண்டு வாட போயிருச்சான்னு பாத்தேன் என்கிறாள்.

சாயம் அடித்த மறுநாள் மஸ்ஜித் தானாவிலிருந்து திலகவதி வந்தாள். அறையைப் பார்த்துவிட்டு உன் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். வர்றேன்னு அண்ணன் எங்க எழுதியிருக்கு, வந்து வேல செய்யலாம்னுதானப்பா எழுதியிருக்கு என்றாள். இலக்கணப்படி அவள் சொன்னது சரி. தோட்ட அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன், ‘லாம்’ என்ற அந்த இரண்டெழுத்தின் பொருள் எனக்குத் தெரியாதா. உன் அம்மாதான், லாம்னு எழுதினாலும் அவன் கையால எழுதுனதுதானடி என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போனாள்.

உனக்கு ஆலோசனை சொல்வதற்கு முன் பொருளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று 9 செப்டம்பர் செவ்வாய்க்கிழமை, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஜாசினில் பஸ் மாறி மலாக்காப் பட்டணத்துக்குப் போனேன். அங்கே கணினி விற்கும் சீனர் ஒருவர் மிகவும் பொறுமைசாலி. வாங்க வரவில்லை, என் மகன் வெளிநாட்டில் வாங்கப்போவதற்காக விவரம் கேட்க வந்தேன் என்று மறைக்காமல் சொன்னேன். அங்கிள், நல்லவேளை என் கடைக்கு எல்லாரும் உங்களை மாதிரி வர்றதில்லை என்று மலாயில் சொல்லிவிட்டு நாற்காலி போட்டார். சென்ற பொங்கலின்போது நீ அனுப்பிய, சிவப்புக் கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும் படத்தைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அவர் அதை ஒரு கருவியில் வைத்துப் பதிவு செய்து, பெரிய திரையிலும் மடக்கும் திரையிலும் ஒரே நேரத்தில் காட்டினார். மடக்கும் கணினியின் முன் உட்கார்ந்து உன்னைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தாய். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யச் சற்று நிமிர்ந்தேன், உன் முகம் வெளுத்துப்போயிற்று. குனிந்தேன், கறுத்துப்போயிற்று. பக்கவாட்டில் நகர்ந்தபோது நீ அடையாளமே தெரியவில்லை. பெரிய திரையிலோ நான் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் கடைவாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாலும் நீ அப்படியே இருந்தாய், துண்டின் சிவப்பும் மாறவில்லை. நிறத்தைப் பார்த்துத் திருத்துகிறவருக்கு இப்போதைக்குப் பெரியதுதான், சிறியது கணக்கு எழுதுகிறவர்களுக்குச் சரி என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் இதை உன் அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன். சிறியதே போதும் என்று நான் ஒரு வரி எழுதினால் நீ அதையே வாங்குவாய் என்பதும், அதை வாங்கினால் உன் வேலை தவறும் என்பதும் எனக்கு ஒருசேரத் தெரிந்துவிட்டது. முப்பது கிலோ எடையுள்ள கண்ணாடிப் பெட்டியை மேசையில் ஏற்றிவிட்டவன் எங்கே எழுந்து வரப்போகிறான் என்பதும் தெரிந்தது. 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்வந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விபூதியைக் கையில் வைத்தபடியே கேட்டாள். அவனுக்குக் கண்ணுதான சோறு போடுது, மூஞ்சிய மாத்தி மாத்திக் காட்டுற பொட்டிய வச்சிக்கிட்டு என்ன பண்ணுவான், பெருசையே வாங்கச் சொல்லுங்க என்றாள். அவ்வளவு விரைவாகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து, அந்தப் பெருச ஏரோப்பிளேன்லயோ கப்பல்லயோ ஏத்தவே மாட்டாங்களா என்று ஒரு குரல் வந்தது. நான் சமையலறைக்குள் போகவில்லை.

15ஆம் தேதி திங்கட்கிழமை அந்தக் கடைக்குத் தொலைபேசியில் பேசி, உன் அம்மா கேட்டதை அப்படியே கேட்டேன். தாராளமாகக் கப்பலில் அனுப்பலாம், ஆனால் அந்தக் கண்ணாடித் திரை அதனுடைய சொந்த அட்டைப்பெட்டியில், அதோடு வரும் வெள்ளை நுரைக்கட்டிகளுக்கு நடுவில் இருந்தால்தான் உடையாமல் வந்து சேரும், எல்லாரும் வாங்கிய வாரமே பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள் என்றார். கோத்தாக் ஜங்ஙான் புவாங், அங்கிள், பெட்டியை மட்டும் எறிய வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார்.

ஆகவே, யுகேந்திரா, பெரியதையே வாங்கு. எங்கள் இருவருக்கும் அதில் முழுச் சம்மதம். எங்களை நினைத்துச் சிறியதை வாங்கினாய் என்று தெரிந்தால் உன் அம்மா வருந்துவாள். 14 ஜனவரி 1998 புதன்கிழமை தைப்பொங்கல், வேலையை அன்று தொடங்கு. திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல் அவ்வப்போது சன்னல் வழியே தொலைவில் பார், இரவில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு வடித்துச் சாப்பிடு. நீ தொடங்கும் தொழில் செழித்து, நோயின்றி, நல்ல பெயரோடு வாழ அம்மாவும் நானும் மனமார வாழ்த்துகிறோம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அட்டைப்பெட்டியையும் நுரைக்கட்டிகளையும் எறிந்துவிடாதே. அறை சிறிது, இடத்தை அடைக்கிறது என்று உனக்குத் தோன்றும். கட்டிலுக்கடியில் நுழையாவிட்டால் அலமாரியின் மேல் ஏற்றி வை.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
க. தம்புசாமி

பி.கு.: இன்று காலை உன் அறைக் கதவை அளந்து பார்த்தேன், அகலம் இரண்டடி ஏழு அங்குலம். பெட்டி வந்தவுடன் அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுது. நாகமுத்துவுக்குத் தச்சு வேலையும் தெரியும். போதாவிட்டால் நிலையைப் பெயர்த்து அகலமாக்கிக்கொள்ளலாம்.