ஒல்லாந்தனும் உன் இடது கன்னமும்

அன்புள்ளவளே,

இன்று காலை பலெர்மோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நம்மவர் ஒருவரின் போட்டோ ஸ்டூடியோவில் உன் முகத்தைக் கணினித் திரையில் பெரிதாகக் கண்டேன். நீ கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கான நினைவு அட்டை அடிக்க உன் மகளோடு போயிருந்தேன். கடைக்காரர் உன் இடது கன்னத்தைக் காட்டி, "இந்தத் தழும்பை அழிச்சு விடட்டோ? ஒரு நிமிச வேலை" என்றார்.

"ஓம், அழியுங்கோ. அம்மாவுக்கு அது பிடிக்காது" என்றாள் மகள்.

எனக்குச் சுருக்கென்றது. வன்னிப் போரில் ஷெல் துண்டு கிழித்த கன்னம் அது. மாதா கோயில் பூசைக்குப் போகும்போதெல்லாம், "சால்வையை இழுத்து மூடடி, சனம் பாக்குது" என்று சொன்னவள் நான்தானே. நீயும் பேசாமல் மூடுவாய்.

அந்தப் படத்தை எடுத்ததும் நான்தான். நாம் இருவரும் வேலை செய்த இத்தாலிய எசமானி, சிஞ்ஞோராவின் வீட்டுச் சுவரில் ஓர் ஓவியத்தின் பிரதி தொங்கியது. ஒளியையும் நிழலையும் வரைந்து பேரெடுத்த அந்த ஒல்லாந்து ஓவியர், வயதான காலத்தில் தன்னையே வரைந்த முகம். அவர் எந்த நாட்டவர் என்று சிஞ்ஞோரா சொன்னதும் உனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்கட மன்னார்க் கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தன்ர ஆளோ! இஞ்சை சுவரையும் பிடிச்சிட்டான்." அதன்பிறகு தூசி தட்டும்போதெல்லாம் அவரோடு உனக்கு ஒரு சண்டை.

ஒருநாள் தூசித் துணியோடு அப்படியே நின்றுவிட்டாய்.

"இஞ்சை பாரடி. இருட்டு இவன்ர கையில தாராளமாக் கிடக்குது. இந்தத் தொங்கல் கன்னத்தையும் கிழங்கு மூக்கையும் அதுக்குள்ள ஒளிச்சிருக்கலாம். அதிலதான் வெளிச்சத்தை விட்டிருக்கிறான்."

பிறகு யன்னலைப் பாதி திறந்தாய். சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இடது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாய். "எடு படம்."

"மற்றப் பக்கம் திரும்படி" என்றேன்.

"வாயை மூடிக்கொண்டு எடு."

இன்று கடையில் நின்றபடியே இதையெல்லாம் உன் மகளுக்குச் சொன்னேன். என் 'மூடடி'யையும் மறைக்காமல் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. பிறகு திரைக்குக் கிட்டப் போய் உன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா சிரிக்கிறா" என்றாள். "ஒண்டையும் அழியாதேங்கோ அண்ணா. அப்பிடியே அடியுங்கோ."

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இனி யாரிடம் கேட்பது? ஞாயிறு பூசை முடிய கோயில் வாசலில் நின்று அந்த அட்டையை ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுக்கப் போகிறேன். சனம் பார்க்கட்டுமடி.