பானை மூடித் தாளம்

கிங்ஸ்டன், ஜமைக்கா, 9 மே 1994
எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினேன். பிரயோசனமில்லை. கொல்லைப்புற ஸ்டுடியோவில் என் கணவர் ஹார்ட்லி அதே தாளத்தை ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறார். ‘பானை மூடி’ என்று பெயர். தாளம் ஒன்று, அதன்மேல் பாட ஆறு டீஜே பாடகர்கள், ஆளுக்கொரு பாட்டு. தம்பி லெய்டன் நேற்றே பாடிவிட்டான். இன்று அவன் கூட்டாளி எவர்ட்டன்.

10 மே
வகுப்பில் பாடம் நடத்தும்போது கால் தானாக அந்தத் தாளத்தைத் தட்டுகிறது. நாற்பத்து நாலு வயதில் என்ன இது?

15 மே, ஞாயிறு
மனசு ஒரு நிலையில் இல்லை. நேற்று இரவு தெரு நடன ஆட்டத்தில், பெரிய ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போடும் சவுண்டுக்கார நார்வல் புதுப் பாட்டுகளை வழக்கம்போல் இடைவெளியில்லாமல் கோர்த்திருக்கிறான். லெய்டன் பாட்டு “இங்க ராஜா யாரு?” என்று முடிய, அந்த அடியிலேயே எவர்ட்டன் குரல்: “உக்காருடா பொடியா.” சோற்றுக்கு அடம்பிடிக்கும் தன் மூன்று வயது மகனுக்காக அவன் எழுதிய பாட்டு அது! வரிசை விழுந்த விதத்தில் பதிலடியாகிவிட்டது. கூட்டம் குஷியில் வேலித் தகரத்தைத் தட்ட, நார்வல் ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இரண்டையும் போட்டானாம்.

17 மே
லெய்டன் வந்தான். அக்கீப் பழமும் கருவாடும் சமைத்து வைத்தேன், தொடவில்லை. வருகிற சனிக்கிழமை எவர்ட்டன் பேரைச் சொல்லியே மேடையில் கிழிக்கப்போகிறானாம்.
“அது புள்ளைக்கு எழுதினதுடா.”
“எனக்குத் தெரியும்க்கா. ஊருக்குத் தெரியுமா?”
சண்டை ஓடினால் ரெக்கார்டும் ஓடும் என்கிறார் ஹார்ட்லி. மனுஷனா இவர்? போன வருஷமும் இப்படித்தான், பாட்டில் தொடங்கியது பாட்டிலில் முடிந்தது. வீசிய பாட்டில் பட்டு, பாடிய பையன் ஒருவனுக்கு ஒரு கண் போயிற்று.

18 மே
எவர்ட்டன் கேட் வரை வந்து திரும்பிப் போனான். சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் போட்டவள் நான்.

19 மே
சந்தையில் நார்வலைப் பிடித்தேன். அந்த இரண்டையும் சேர்த்துப் போடாதே என்றேன்.
“நானா போடறேன் டீச்சர்? கூட்டம் கேக்குது. மத்த நாலும் காதல் பாட்டு, நடுவுல விட்டா என்னை அடிப்பாங்க. காரமா இன்னொண்ணு குடுங்க, பிரிச்சிடறேன்.”
சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

20 மே, வெள்ளி
உட்கார முடியவில்லை. பாத்திரம் துலக்கும்போது நாலு வரி வந்தது, துணி உலர்த்தும்போது இன்னும் நாலு. இரண்டு தடியன்களையும் வீட்டுப் பெயர் சொல்லி, காதைத் திருகி, சாப்பிடக் கூப்பிடுகிற பாட்டு. திட்டுவதற்கு எனக்குச் சொல்லித் தரவேண்டுமா? இருபது வருஷமாக டீச்சர்.
‘பானை மூடி’ டேப் எங்கே இருக்கிறது, மைக்கை எப்படிப் போடுவது, எல்லாம் தெரியும். நாளைக் காலையில் ஹார்ட்லி வெளியே போனதும் அந்தத் தாளத்தின்மேல் நான் பாடப்போகிறேன். அந்த இரண்டுக்கும் நடுவில் போடச் சொல்லி நேராக நார்வல் கையில்தான் கொடுப்பேன்.