காருக்குள் இருந்த இரண்டாவது ஆள்

மகள் தன் காருக்குப் புதிய ரப்பர் மேட் வாங்கி, பழையதை எடுக்காமல் அதன்மேலேயே விரித்திருந்தாள். நேற்று கதவைத் திறந்ததும் புது ரப்பரின் வாடை முகத்தில் அடித்தது. குனிந்து பார்த்தேன். மேல் மேட்டின் ஓரம் சுருண்டு ஆக்சிலேட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் வண்டி கிளம்பக் கூடாது என்றேன். "அப்பா, நீங்க சைக்கிள்கூட ஓட்டினதில்ல" என்று சிரித்தாள். ஆனாலும் எடுத்துவிட்டாள்.

வழியில், ஆக்சிலேட்டர் சிக்கினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பேன் என்றாள். ஓடும்போது அணைத்தால் இந்தக் காலத்து வண்டியில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும். முதலில் நியூட்ரல், பிறகு பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்து, வண்டி நின்ற பிறகுதான் சாவி, அதுவரை எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் கண்டுகொள்ளாதே என்றேன். இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். அவளுக்கு உன்னைத் தெரியாது. நீ இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது.

எல்லைப் போராட்ட ஆண்டுகளில் நீ பாறசாலையில் வாடகைக் கார் ஓட்டினாய். கார் ஒரு கான்டிராக்டருடையது. தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் கொடி பிடித்தபோது அவர் சர்க்கார் பக்கம் நின்றவர். நானோ இணைப்பை ஆதரித்த ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். வாரத்தில் நாலு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து கள்ளிக்காடு முதல் கொல்லயில் கிராமம் வரை சுற்றினேன். "முதலாளிக்க பெட்ரோலு, ஒனக்க போராட்டம், எனக்க முதுகுவலி" என்பாய். நமக்கு ஏறத்தாழ ஒரே வயது.

அன்று ஆரியங்கோட்டில் சிலரைக் கைது செய்திருந்தார்கள். விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தபோது நீ பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். ஆக்சிலேட்டரை மேலே இழுக்கும் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. அங்கே ஒரு சைக்கிள் கடையில் பழைய டியூப் துண்டு ஒன்றை வாங்கி, இரண்டாக மடித்து, ஸ்பிரிங் இருந்த இடத்தில் கட்டினாய். கட்டிவிட்டும் உனக்குத் திருப்தி இல்லை.

"எஞ்சின் சூடு பட்டா ரப்பரு இளகும் மக்கா. பாறசாலைக்கு ஆளனுப்பி ஸ்பிரிங் வாங்கிட்டு வரச் சொல்லுதேன். ரெண்டு மணிக்கூர் நிப்போம்."

"ரெண்டு மணி நேரம் நின்னா தந்தி ஆபீஸ் மூடிருவான். மெதுவாப் போலாம், வா."

"மெதுவா போனா தந்தி ஆபீஸ் தொறந்திருக்குமா?"

"அப்ப கொஞ்சம் சீக்கிரமாப் போ."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு பானெட்டை மூடினாய். இந்தப் பேச்சை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

கொல்லயிலுக்கு முன்னால் சாலை ஒரு மேடு ஏறி வளைந்து இறங்கும். மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தாய். இறக்கத்தில் காலை எடுத்தாய். எஞ்சின் தணியவில்லை. கால் பெருவிரலை மிதிக்கு அடியில் கொடுத்து மேலே நெம்பினாய். அது வரவில்லை. நிமிர்ந்தபோது இறக்கத்தின் கீழே, ஓடைமேல் இருந்த கலுங்குப் பாலத்துப் பக்கம், ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் பெண்கள்.

அடுத்துச் செய்தவற்றை அருகில் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். இடக்காலால் கிளட்சை மிதித்தாய். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாய். சுமை இல்லாத எஞ்சின் காது கிழியக் கத்தியது. வலக்கால் பிரேக்கின் மேல் இறங்கியது; மீண்டும் எழவில்லை. ஹாரனை விடாமல் அழுத்தினாய். பிறகு ஹாண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடப்பக்கத்து மண்திட்டில் வண்டியை உரசவிட்டாய். முன்வரிசைப் பெண்ணுக்கு மூன்று முழம் முன்னால் கார் நின்றது. அதன் பிறகுதான் சாவியைத் திருப்பினாய். ஏன் முதலிலேயே திருப்பவில்லை என்று பின்னொரு நாள் கேட்டேன். "ஒரு கை ஸ்டீயரிங்குல, ஒரு கை கியருல. மூணாவது கை எனக்கு உண்டா?" என்றாய்.

கூட்டத்துக்குக் கேட்டது வேறு. ஊர்வலங்களுக்குள் லாரியை விடப்போகிறார்கள் என்ற வதந்தி அந்த வாரம் முழுக்க உலவியது. சர்க்கார் பக்கத்துக் கான்டிராக்டரின் கார், ஹாரன் அடித்துக்கொண்டு, எஞ்சின் முழுவேகத்தில் இரைய இறக்கத்தில் வருகிறது. எலே, ஆக்சிலேட்டர சவுட்டிட்டு வாறான் என்று ஒரு குரல் வந்தது. முன்கண்ணாடி உடைந்தது. உன்னை வெளியே இழுத்தார்கள். நீ பிரேக்கைச் சரியாகப் பிடித்ததால்தான் அவர்கள் உயிரோடு நின்று உன்னை அடித்தார்கள். அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான் என்று நான் கத்தியது எடுபடவில்லை. என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து என்னை மட்டும் விட்டார்கள். ஓடையில் சாடிய ஒரு பெரியவருக்குக் கை ஒடிந்தது.

அன்று தந்தி ஆபீஸ் மூடுமுன் போய்ச் சேர்ந்தேன். நடந்தே போனேன். நான் அனுப்பிய செய்தி இது: கொல்லயில் அருகே ஊர்வலத்தை நோக்கி ஒரு கார் பெரும் இரைச்சலுடன் வந்து நின்றது, பதறி ஓடையில் குதித்த ஒருவருக்குக் கை முறிந்தது, டிரைவரை மக்கள் பிடித்தனர். ஒரு சொல்லும் பொய்யில்லை. செய்தியில் நிருபர் தலைகாட்டக் கூடாது என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதி. அதைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் நீ என் அறைக்கு வந்தாய். நெற்றியில் தையல். பத்திரிகையை எட்டாக மடித்துக் கையில் வைத்திருந்தாய். உன் காரில் யாரும் ஏறக் கூடாது என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். உன் பெண்டாட்டி வீட்டாரே உன்னிடம் பேசவில்லை. உன் பெயர் காரை ஏற்றி ஆளைக் கொல்ல வந்தவன் என்று ஆகியிருந்தது.

"நல்லா எழுதியிருக்க. எல்லாம் உள்ளதாக்கும்" என்றாய். "ஆனா அந்தக் காருக்குள்ள ரெண்டு பேரு உண்டும். பேப்பருல ஒருத்தன்தான் இருக்கான்."

மறுப்புச் செய்தி போடட்டுமா என்று கேட்டேன்.

"ஒனக்க பேப்பரு கடலாசு வேண்டாம். ஒனக்க காலு வேணும். எனக்க கூட வா."

ஞாயிறு மதியம் கொல்லயிலில் செல்லப்பனின் சாயாக்கடை முன்னால் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாய். புது ஸ்பிரிங் போட்டிருந்தது. முன்கண்ணாடி இன்னும் போடவில்லை. ஊர்வலத்தை நடத்தியவர் செல்லப்பன்தான். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். ஆட்கள் கூடினார்கள். ஸ்பிரிங் அறுந்து டியூப் கட்டிய கதையை அவர்களிடம் சொன்னாய்.

"அண்ணே, எஞ்சின் கத்துனா வண்டி பாயுதுன்னு அர்த்தம் இல்ல. கியரு இல்லேன்னா அது வெறும் சத்தமாக்கும்" என்றாய்.

"அத ஓட்டுதவன் சொல்லப்பிடாது ஓய். முன்ன நிக்கியவன் சொல்லணும். ஆரு நிப்பா?" என்றார் செல்லப்பன்.

"வேணுமானா எனக்க மாமியாரக் கூட்டியாறேன்" என்றான் பெஞ்சில் இருந்த ஒருவன். சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. என்னை அழைக்கவும் இல்லை, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் போய் நின்றேன். முட்டியில் பம்பர் பட்டது.

நியூட்ரலில் போட்டாய். ஹாண்ட் பிரேக்கையும் தளர்த்தினாய். இழுத்து வைத்தால் அதுதான் பிடித்தது என்று சொல்லிவிடுவார்கள் என்றாய். பிறகு ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்தாய். அன்று இறக்கத்தில் கேட்ட அதே அலறல். கார் நடுங்கியது. ஆனால் சக்கரம் ஒரு விரற்கடை நகரவில்லை. செல்லப்பன் காரைச் சுற்றி வந்து, உள்ளே குனிந்து, உன் இரண்டு கால்களையும் நெடுநேரம் பார்த்தார். போதும் என்று கையைக் காட்டினார்.

"அப்ப அண்ணைக்கி நீ பிரேக்கத்தான் சவுட்டின."

"பின்ன? அல்லாமப் போனா நீங்க இண்ணைக்கி சாயா ஆத்துவியளா?"

செல்லப்பன் உடனே விட்டுவிடவில்லை. "செரி. டியூபு கட்டின வண்டிய எதுக்கு ரோட்டுல எறக்கின? ஸ்பிரிங் வாற வர நிக்க மேலாதா?"

நான் இன்னும் பம்பர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். பதில் சொல்ல வேண்டியவன் நான். வாயைத் திறக்க இரண்டு மூச்சு நேரம் கிடைத்தது.

"எனக்க தப்பாக்கும் அண்ணே" என்றாய்.

செல்லப்பன் தலையாட்டினார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறி, "பாறசாலைக்கு விடு, சீனி வாங்கணும்" என்றார். மறுநாள் முதல் ஆட்கள் ஏறினார்கள். கை ஒடிந்த பெரியவர் மட்டும் கடைசிவரை உன் காரில் ஏறவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்று மாலை உன்னிடம் சொன்னேன். "ரெண்டு பேருக்குக் கெட்ட பேரு எதுக்கு? ஒருத்தன் போதும்" என்றாய். பிறகு எல்லைக்கோடு விழுந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. நான் நாகர்கோவிலுக்குப் போனேன். நீ அதே சாலையில் வண்டி ஓட்டி ஓய்ந்தாய். பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சை எடுக்க நினைப்பேன். நீ வேறு எதையாவது பேசுவாய்.

நாற்பது ஆண்டுகள் விபத்துச் செய்திகள் எழுதினேன். டிரைவரின் பெயரை ஸ்டேஷனில் தருவார்கள். அது எளிதில் கிடைக்கும். நான் அதோடு திரும்புவதில்லை. வண்டியில் வேறு யார் இருந்தார்கள், சீக்கிரம் போ என்று யாராவது சொன்னார்களா என்று கேட்பேன். பெரும்பாலும் அப்படி ஒருவர் இருப்பார். காயமில்லாமல், ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் ஏதோ ஒன்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டதும் தலையைக் குனிந்துகொள்வார். நான் நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசும்வரை காத்திருப்பேன்.